சபரர் நாட்டிலிருந்து தம்பானைக்கு

களனி கங்கையோடு குருகொட ஓயா வந்து கலக்கும் இடத்திலே, பழைய கோட்டை நின்ற நிலத்தில் ஒரு விடுதியும் அதைச் சூழ்ந்து ஒரு கடைத்தெருவுமாக அமைந்த ருவான்வெல்லைப் பட்டணத்துக்குச் சில மைல் அப்பால், ஓர் இறப்பர்த் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் மாகாணத்தின் பெயர் சபரகமுவ. சபரர் என்னும் வேட்டுவ ஜனங்களின் கிராமம் என்பதே அப்பெயரின் பொருளென்று அறிஞர் பலர் கூறுவர் என்றும், இராமனுக்குக் கனி கொடுத்துக் காத்திருந்த சபரி அக்குலத்துப் பெண்ணே என்றும் எங்கள் தோட்டப் பாடசாலையின் ஆசிரியர் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். இலங்கையின் முதல் அரசனாகிய விஜயனால் கைவிடப்பட்ட குவேனியின் பிள்ளைகள் இருவரும் சுமனகூட மலைப் பக்கத்துக் காடுகளில் புகுந்து வாழ்ந்தார்களென்றும், அவர்கள் வழியில் புளிந்தர் என்னும் வனவாசிகள் தோன்றினார்களென்றும் மகாவம்சம் சொல்லும் விருத்தாந்தத்தையும் அன்றுதான் கேட்டேன். எங்கள் லயத்து வாசலில் நின்று கிழக்கே பார்த்தால், மழை ஓய்ந்த காலைகளில் அந்த மலைத்தொடரின் நீலம் தெரியும். இத்தனை பழைமையான பெயரைச் சுமந்த நாட்டிலே, 24 வயது நிரம்பும்வரை ஒரு வேடரையேனும் நான் கண்டதில்லை.

கண்டதெல்லாம் கூத்திலே கண்ட வேடர்தாம். மாரியம்மன் திருவிழா இரவுகளில் அருச்சுனன் தபசு ஆடும்போது, பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனோடு பொருதச் சிவபெருமான் வேடனாக வருவார். காலையில் இறப்பர்ப் பால் வெட்டிய அண்ணன் ஒருவர், உடம்பெங்கும் கரி பூசி, தலையில் மயிற்பீலி செருகி, கையில் வில்லோடு இருளிலிருந்து பாய்ந்து வரும்போது சிறுவர்களாகிய நாங்கள் கூக்குரலிட்டுத் தாய்மாரின் முந்தானைக்குள் ஒளிவோம். மறுநாள் பாடசாலையில், குளிக்காமல் வந்த பையனை நாங்கள் வேடன் என்று கேலி செய்ததை என் அப்பாயி கேட்டுவிட்டாள். அவள் என்னைப் பிடித்து இஸ்தோப்பில் உட்கார்த்தி, "அவங்க நம்ம முருகனுக்குப் பொண்ணு குடுத்தவங்கடா. சம்பந்தி வீட்டு ஆளுகள எவனாச்சும் ஏசுவானா?" என்று கேட்டாள். பிறகு, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியிலே கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்த கதையையும், தினைப்புனத்திலே கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்ட முருகனின் கதையையும், கதிர்காமத்துக் காட்டில் தான் கால்நடையாகப் போய்வந்த வழியையும் விளக்கு அணையும்வரை சொன்னாள். சம்பந்தி என்ற அந்த ஒரு சொல் என் மனத்தின் அடியில் விழுந்து கிடந்தது. அது முளைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

என் தந்தையார் பால் வெட்டுபவர். விடியற்காலைக் குளிரிலேதான் பால் நன்றாக ஓடுமாதலால், பொழுது புலருமுன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தமக்குரிய மரங்களின் பட்டையைச் சாய்வாகச் சீவி, சிரட்டை பொருத்தி, வெயில் ஏறியதும் வாளியோடு திரும்பி வந்து பாலைச் சேர்ப்பார். நான் சிறுவனாயிருந்தபோது அவருடைய கத்தியைக் கையில் எடுத்தால், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோலைக் கத்தி தொடக் கூடாது என்று கற்பிப்பார். தொட்டால் மரம் காயப்படும்; காயம்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு விழுந்து பிறகு பால் தராது. நாளைக்கும் அந்த மரம் வேண்டும் என்ற நினைவோடு இன்றைக்கு வெட்டுவதே அவருடைய வித்தை.

அந்த மரமும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் முன்னோரைப் போல, வேற்று நாட்டிலிருந்து வந்ததே. தென்னமெரிக்காவில் அமேசன் நதி பாயும் வனாந்தரத்தில், அங்குள்ள ஆதிகுடிகள் அறிந்து பயன்படுத்திய மரம் அது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அதன் விதைகளைக் கப்பலேற்றி இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகளில் 1,900க்கும் மேற்பட்டவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் சந்ததியே எங்கள் மலைச்சரிவுகளில் பரவியது. அதே அமேசன் வனத்தின் ஆதிகுடிகள், புட்டுமாயோ நதிக்கரையில் இறப்பருக்காகச் சவுக்கால் அடிக்கப்பட்டு மடிந்ததை 1910ஆம் ஆண்டில் ரொஜர் கேஸ்மன்ட் என்பவர் நேரில் விசாரித்து உலகுக்கு அறிவித்தார். இவற்றையெல்லாம் நான் வாசித்து அறிந்தது பிற்காலத்தில். ஆனால் வரிசை வரிசையாக நின்ற அந்த மரங்களின் நிழலிலே பறவையொலி அருகியிருப்பதையும், முன்னொரு காலத்தில் அங்கே அடர்ந்திருந்த காட்டின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாதிருப்பதையும் இளமையிலேயே ஒருவகைக் குறையாக உணர்ந்திருந்தேன்.

பெருந்தோட்டங்கள் அரசுடைமையான மறு ஆண்டு, அதாவது 1976இல், நான் தோட்டப் பாடசாலையொன்றில் உபாத்தியாயராக அமர்ந்திருந்தேன். ருவான்வெல்லைக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த சிங்கள வைத்தியர் ஒருவர், வெதமாத்தயா என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், என்னிடம் மிகுந்த பிரியம் கொண்டவர். சூரணங்களைக் குழைப்பதற்குக் கலப்பற்ற தேன் வேண்டுமென்று ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் மஹியங்கனைக்கு அப்பால் வேடர் வாழும் தம்பானைக்குப் போய்வருவது அவருடைய வழக்கம். அவ்வாண்டு, "மாஸ்டர், பள்ளிக்கு லீவுதானே, துணைக்கு வாங்களேன்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் அழைத்தார். வேடரைக் காணலாம் என்ற ஒரே எண்ணத்தால் அக்கணமே சம்மதித்தேன். அப்பாயி ஒரு வெற்றுப் போத்தலைக் கழுவித் துடைத்து, அதன் வாயைத் தக்கையால் அடைத்து என் பையில் வைத்தாள்.

கரவனல்லையில் பஸ் ஏறி, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலை சேர்ந்து, கடுகண்ணாவை மலை ஏறிக் கண்டியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை தெல்தெனியாவைத் தாண்டினோம். பிற்காலத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கிவிட்ட அந்தப் பழைய பட்டணத்தில் நாங்கள் தேநீர் அருந்திய கடையின் மரப்பெஞ்சு இன்றும் என் ஞாபகத்தில் இருக்கிறது. ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் பாதை திடீரென்று மலையின் விளிம்பிலிருந்து கீழே விழுவதுபோல 18 வளைவுகளாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் குளிர் ஒரு படி குறைந்து, காற்று ஒரு படி உலர்ந்து, மழை நாட்டிலேயே வாழ்ந்து பழகிய என் தேகத்தின் மேல் வேறோர் உலகத்தின் வெப்பம் வந்து படர்ந்தது. கடைசி வளைவுகளிலிருந்து பார்த்தபோது, கீழே மகாவலி கங்கையின் சமவெளி ஆரம்பமாகி, கிழக்குத் திசையெங்கும் காடு, காடு, காடு என்று கண்ணெட்டிய தூரம்வரை விரிந்து கிடந்தது. மனிதர் நட்ட மரங்களையே கண்டு வளர்ந்த நான், தானே முளைத்துத் தானே நின்ற அவ்வளவு பெரிய வனத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

ஆற்றைக் கடந்து, மஹியங்கனைத் தூபியை வணங்கி, பதியத்தலாவைக்குச் செல்லும் பாதையில் இறங்கி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நெருங்கி நின்ற அவ்வனத்தில், மரங்களின் இடைவெளிகளில் புகுந்த வெயில் தரையில் புள்ளிமானின் தோல்போலக் கிடந்தது. காட்டுச் சேவலொன்று செம்பொன் கழுத்தை நீட்டிப் பாதையைக் கடந்தது. உச்சிக் கிளைகளில் மந்திக் கூட்டம் பாலைப் பழம் தின்று கொட்டைகளை உதிர்க்க, அவற்றின் கீழே மான்கள் வந்து உதிர்ந்த பழங்களை மேய்ந்தன. ஆபத்து நேர்ந்தால் மேலிருப்பவை கூவ, கீழிருப்பவை ஓடும் என்று வெதமாத்தயா விளக்கினார். இருவாய்ச்சிப் பறவை பறந்தபோது அதன் சிறகொலி, யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு மேலே செல்வதுபோலக் கேட்டது. யானையின் புதிய சாணத்தைக் கண்டதும் அவர் விரலை உதட்டில் வைத்தார்; அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

குடியிருப்பை அடைந்தபோது, தோளில் கோடரி மாட்டிய முதியவர் ஒருவர், மார்புவரை நரைத்த தாடியுடன், இடுப்பில் சிறு துணி மட்டும் அணிந்து எங்களை எதிர்கொண்டார். அவருடைய இடக் கன்னத்தில் ஆழமான தழும்பு இருந்தது. கரடி பிறாண்டியதென்று பின்னர் அறிந்தேன். யானையைவிடக் கரடிக்கே அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள், ஏனெனில் அது எச்சரிக்காமல் தாக்கும். அவர் தம் இரு கைகளையும் நீட்டி, வெதமாத்தயாவின் இரு முன்கைகளையும் பற்றி வரவேற்றார். பிறகு என்னிடம் திரும்பி அவ்வாறே பற்றினார். தோட்டத்தில் துரையின் முன்னே தலையிலுள்ள துண்டை எடுத்து ஒதுங்கி நின்ற பரம்பரையில் வந்த எனக்கு, முன்பின் அறியாத ஒருவர் என் கைகளைத் தம் கைகளோடு சேர்த்துச் சமமாக நின்று கண்ணைப் பார்த்தது, உடம்பெல்லாம் ஒரு நடுக்கத்தை உண்டாக்கியது.

அவர் என்னைக் காட்டி ஏதோ வினவினார். எந்த வரிகே என்று கேட்கிறார், என்றார் வெதமாத்தயா. மொரானே, உனாபானே, நமதேவ, ஊரு என்று அவர்களுடைய குலங்கள் பலவாம். வருகிறவன் எந்தக் குலத்தவன் என்று தெரிந்தால்தான் அவனோடு என்ன முறை என்பது தெரியும். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது வெதமாத்தயா, இவர் கதிர்காமத்துத் தெய்வத்தைக் கும்பிடும் ஜனங்களைச் சேர்ந்தவர் என்று சிங்களத்தில் கூறினார். முதியவரின் முகம் மலர்ந்தது. வள்ளி தங்கள் குலத்துப் பெண் என்றும், அவளைக் கொண்டவனுடைய ஆட்கள் தங்களுக்கு யார் என்பது தெரிந்ததே என்றும் சொல்லி, என் தோளைத் தட்டி, "ஹுரா" என்றார். வெதமாத்தயா சிரித்துக்கொண்டே, "மச்சான் என்கிறார், மாஸ்டர்" என்றார்.

அந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் உணர்ந்தது பல ஆண்டுகளுக்குப் பின்பு, செலிக்மன் தம்பதிகள் 1911இல் வெளியிட்ட வேடர்களைப் பற்றிய நூலின் செய்திகளை அறிந்தபோது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணமுடிப்பதே அவர்களுடைய வழக்கம். அம்முறைக்கு உரிய ஆண்மகனை அழைக்கும் சொல்லே ஹுரா. எங்கள் லயங்களிலும் அதுவே உரிமை; அதுவே முறை. மனிதரைச் சந்தித்தவுடன் நீ யார் என்று கேளாமல் நீ எனக்கு என்ன முறை என்று கேட்கும் இரண்டு ஜனங்கள், ஒரே தீவில், ஒருவரையொருவர் அறியாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறோம். கிழக்குக் கரையில் வாகரை, கதிரவெளிப் பக்கங்களில் வாழும் வேடர்களோ தமிழையே தம் மொழியாகக் கொண்டுவிட்டவர்கள். நீல்கலைக் காட்டையும், கல்லோயாத் திட்டத்தால் நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குகளையும் சார்ந்தவர்கள் வேறு வேறு வழக்கங்களை உடையவர்கள். வேடர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது பல குலங்களையும் பல வாழ்க்கைகளையும் ஆகும். தம்மை அவர்கள் வன்னியல எத்தோ, அதாவது வனத்து ஜனங்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மறுநாள் விடியலில் தேனெடுக்கப் புறப்பட்ட முதியவரோடும் அவருடைய மகனோடும் நாங்களும் சென்றோம். ஓரிடத்தில் அவர் நின்று, வெயிலுக்கு எதிராகக் கையை நெற்றியில் வைத்து, ஒளிக்கோட்டில் பறந்து செல்லும் தேனீக்களைப் பார்த்தார். அவை போன திசையில் நடந்து, முதிர்ந்த மரமொன்றின் அடியில் காதை வைத்துக் கேட்டு, கல்ரெக்கி என்று அவர்கள் அழைக்கும் கோடரியால் பொந்தின் வாயை மிகச் சிறிதே அகலப்படுத்தினார். மகன் பச்சிலையைப் புகைத்து ஊதினான். முதியவர் கையை உள்ளே விட்டு ஒவ்வோர் அடையாக, ஈக்களை நசுக்காமல், குழந்தையைத் தூக்குபவர்போல வெளியே எடுத்தார். கடைசி அடைகளுக்குக் கை வைக்கவில்லை. ஒரு மரப்பட்டைத் துண்டைப் பொருத்திப் பொந்தை மூடினார். ஏன் என்று கேட்கும்படி வெதமாத்தயாவை வேண்டினேன். அவை அங்கே இருந்தால்தானே அடுத்த ஆண்டும் நாம் வரலாம் என்பது மறுமொழி. அந்நேரத்தில் என் மணிக்கட்டை என் தந்தையாரின் கரம் பற்றியிருப்பதுபோல உணர்ந்தேன். மரத்தின் தோலுக்கும் கத்திக்கும் நடுவே அவர் காத்த அந்த அளவையே இவர் பொந்துக்கும் கோடரிக்கும் நடுவே காத்தார்.

என் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று முதியவர் அன்று மாலை கேட்டார். மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறார் என்றேன். அந்தப் பாலைக் குடிப்பீர்களா என்றார். இல்லை, விற்பதற்கு என்றேன். மரம் யாருடையது என்றார். முன்பு ஒரு கம்பெனியுடையது, இப்போது அரசாங்கத்துடையது என்றேன். நீங்கள் அங்கே எத்தனை காலமாக இருக்கிறீர்கள் என்றார். என் அப்பாயியின் காலத்துக்கும் முன்பிருந்து என்றேன். அவர் நெடுநேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தக் காட்டைப் பற்றியும் இப்போது பலர் வந்து கேட்டுப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அவருடைய அச்சம் உண்மையாயிற்று. மகாவலி கங்கை நீரைப் பயன்படுத்தும் மகாவலித் திட்டம் துரிதமடைந்து, 1983ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி மாதுரு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. வேடர்கள் வேட்டையாடித் தேனெடுத்து முன்னோரின் ஆவிகளுக்குப் படைத்து வாழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி அதன் எல்லைக்குள் அகப்பட்டது. பல குடும்பங்கள் ஹென்னானிகலை முதலிய குடியேற்றங்களில் வயலும் வீடும் பெற்று அமர்த்தப்பட்டன. முதுபெரும் தலைவர் திசாஹாமி, தாம் பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேனென்று சில குடும்பங்களோடு தம்பானையிலேயே தங்கினார்; 1998இல் அவர் காலமான பின்பு, மகன் ஊருவரிகே வன்னிய அப்பொறுப்பை ஏற்றார். யானைக்கும் மானுக்கும் புகலிடம் வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவற்றோடு கூடவே அத்தனை நூற்றாண்டுகள் அக்காட்டை அழிக்காமல் காத்து வந்த மனிதரை, தேனெடுக்கப் போனால் குற்றவாளியாக்கியதைத்தான் என் நெஞ்சம் இன்றும் ஏற்கவில்லை.

குடிசன மதிப்பீட்டு ஏடுகளிலே வேடரின் தொகை 1946இல் 2,361 என்றும், 1953இல் 803 என்றும் காணப்படுகிறது. ஏழே ஆண்டுகளில் ஓர் இனம் மூன்றில் ஒரு பங்காக மாண்டுபோவதில்லை. எண்ணியவர்கள் அவர்களில் பலரை வேறு பெயரின் கீழே எழுதினார்கள் என்றே நான் கொள்கிறேன். அந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவிலே, 1948இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஜனங்களையும் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. என் தந்தையாரின் தம்பி குடும்பம் இந்தியாவுக்குப் போயிற்று. அவர்கள் ஏறிய இரயில் தலைமன்னாருக்குப் புறப்பட்டபோது அப்பாயி ஒன்றும் பேசாமல் நின்றாள். காட்டில் இருந்தவரை வெளியேற்றியதும், காட்டை வெட்டித் தோட்டமாக்க வந்தவரை வெளியேற்றியதும் ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வரியினாலேயே ஆயிற்று. தம்பானையில் நெருப்பருகே முதியவர் என்னைப் பார்த்த பார்வையில், இவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே விதமான கதவு என்ற அறிதல் இருந்ததாகப் பின்னாளில் எனக்குத் தோன்றியது.

பல ஆண்டுகள் கழித்து மீண்டுமொரு முறை தம்பானைக்குச் சென்றேன். பாதை செப்பனிடப்பட்டிருந்தது. அவர்களுடைய வில்லும் கோடரியும் தேன் குடுவைகளும் காட்சிச்சாலையில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன; பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் தழும்புள்ள முதியவர் இல்லை. அவருடைய மகன், இப்போது தாடி நரைத்தவராய், என்னை அடையாளம் காணாமலே எதிரே வந்து, இரு முன்கைகளையும் பற்றி அதே சொல்லால் அழைத்தார். இந்த முறை எனக்கு யாரும் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் அப்பிரயாணத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது, 1976ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் திரும்பி வந்த அந்த மாலையிலேதான். மழை சொரிந்துகொண்டிருந்தது. நனைந்த பையிலிருந்து தேன் போத்தலை எடுத்துக் கொடுத்தபோது, அப்பாயி அதை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். காசு வாங்க மறுத்துவிட்டார்களென்றும், என்னை மச்சான் என்று அழைத்தார்களென்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்பு புடைவைத் தலைப்பால் போத்தலைத் துடைத்து, சுவரிலிருந்த முருகன் படத்தின் கீழே, வள்ளி நிற்கும் பக்கமாக வைத்து, "பொறந்த வீட்டுச் சீர் வந்திருக்கு தாயி" என்று கும்பிட்டாள். அதன் பிறகுதான் தக்கையைத் திறந்து, லயத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையின் நாவிலும் ஒரு சொட்டு வைத்தாள்.